சும்மா ஆடும் இடத்தில்

2016 டிசம்பர். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. யூபிஎஸ்ஆர் எழுதி முடித்திருந்த அக்கா மகன் தைப்பிங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்து என் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தான். வந்த அன்றே அவனும் ஹார்த்ஸ்டோன் ஆடுகிறான் என்று தெரிந்தது. நான் அப்போது அந்த விளையாட்டில் இரண்டரை வருடப் பழம். மாமாவும் மருமகனும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹார்த்ஸ்டோன், பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட இணையச் சீட்டு விளையாட்டு. ஆளுக்கு முப்பது சீட்டு. அந்தக் கட்டைத்தான் டெக் என்போம். ஆளுக்கு முப்பது உயிர். முதல் சுற்றில் கையில் ஒரு மானா, இரண்டாம் சுற்றில் இரண்டு, இப்படியே ஏறிப் பத்தில் நிற்கும். சின்னச் சீட்டுக்கு ஒரு மானா போதும். பெரிய சீட்டை இறக்கப் பத்தாவது சுற்று வரை உயிரோடு இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது. உலகத்தின் ஏதோ மூலையில் யாரோ. ஆடுவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ரேங்க், வென்றால் நட்சத்திரம் ஏறும், தோற்றால் இறங்கும். இன்னொன்று கேஷுவல், வென்றாலும் தோற்றாலும் எதுவும் ஏறாது, இறங்காது. நம்ம பாஷையில் சொன்னால், சும்மா ஆடும் இடம்.

மருமகன் சும்மா ஆடும் இடத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ ஒரு பொட்டலத்தில் டெத்விங் கிடைத்திருந்தது. பத்து மானா. பன்னிரண்டு தாக்குதல், பன்னிரண்டு உயிர் கொண்ட கறுப்பு டிராகன். அது இறங்கும்போது மேசையில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடும். இறக்கியவனின் கையில் இருக்கும் மிச்சச் சீட்டுகளும் போய்விடும். போட்டி ஆட்டக்காரர்கள் அந்தச் சீட்டைப் பெரிதாக மதிப்பதில்லை. அவனுக்கு அதெல்லாம் தெரியாது. அந்த ஒரு சீட்டுக்காகவே மீதி இருபத்தொன்பதையும் தேர்ந்தெடுத்திருந்தான். ட்ரூயிட் டெக். மானாவைச் சீக்கிரம் ஏற்றித்தரும் வைல்ட் குரோத் சீட்டை இரண்டு போட்டிருந்தான். அது எல்லா ட்ரூயிட்காரர்களுக்கும் தெரிந்த வழிதான். ஆனால் அவன் அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவகையில் கண்டுபிடிக்கவும் செய்திருந்தான், யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு காலை, பசியாறிவிட்டு நான் தேநீரோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. எதிராளி வாரியர். முதல் சுற்றிலேயே ஒரு கடற்கொள்ளைக்காரனை இறக்கினான். அதோடு ஒரு துருப்பிடித்த கொக்கி அவன் கைக்கு வந்தது. அடுத்த நொடி, டெக்குக்குள்ளிருந்து பேட்ச்சஸ் தானாகவே குதித்து வந்து அடித்தது. முதல் சுற்று முடிவதற்குள் மருமகனுக்கு முப்பதில் இரண்டு போயிருந்தது.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் சுற்றில் என்ன, மூன்றாம் சுற்றில் என்ன, ஐந்தாம் சுற்றில் ஐந்து அடி அடிக்கும் கோடாரி. ஒவ்வொன்றும் சொல்லிவைத்த மாதிரி வந்தது. ஆறாம் சுற்றில் மருமகன் செத்தான். டெத்விங் அவன் கையிலேயே இருந்தது. முதல் சுற்றிலிருந்தே இருந்தது.

அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, இது சும்மா ஆடுற இடந்தானே? இவ்ளோ கெட்டிக்காரன் இங்க எதுக்கு வர்றான்?" என்று கேட்டான்.

அவன் எதுக்கு வருகிறான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சீட்டுக்குச் சீட்டு அதே டெக் என் கைப்பேசியில் இருந்தது. முந்தின நாள் இரவுகூட அதே கேஷுவலில் நான் மூன்று பேரை அதே முறையில் முடித்திருந்தேன். அந்த மூன்று பேரில் ஒருவன் இவனைப் போல ஒரு பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்திருக்கலாம்.

"அவனுக்கு குவெஸ்ட் இருந்திருக்கும்டா" என்று மட்டும் சொன்னேன்.

குவெஸ்ட் என்றால் அன்றாட வேலை. வாரியர், ஷாமன் இரண்டில் ஒன்றை வைத்து இத்தனை ஆட்டம் வென்றால் நாற்பதோ அறுபதோ தங்கம் என்று அப்போது தினமும் ஒன்று வந்தது. அது போக, அப்போது மூன்று வெற்றிக்குப் பத்துத் தங்கம் கிடைத்தது. நூறு தங்கம் சேர்ந்தால் ஐந்து சீட்டு கொண்ட ஒரு பொட்டலம். அந்தக் காலத்தில் ரேங்க்கில் வென்றாலும் கேஷுவலில் வென்றாலும் இந்தத் தங்கம் ஒன்றுதான். நான் காசு கொடுத்துப் பொட்டலம் வாங்கும் ஆள் இல்லை. தினமும் குவெஸ்ட்டை முடித்தால்தான் புதுச் சீட்டு. வேலை முடிந்து வந்த களைப்பில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுத் தூங்க வேண்டும். ரேங்க்கில் போனால் எதிரிலும் என்னுடையதைப் போன்ற டெக்தான் வரும்; இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுதான் வெல்ல முடியும். கேஷுவலில் சீக்கிரம் முடியும்.

ஏன் சீக்கிரம் முடிகிறது என்ற கேள்வியை நான் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. மருமகன் கேட்ட பிறகுதான் அதன் பதில் என் முன்னால் வந்து நின்றது. அங்கே இருப்பவர்கள் பலவீனமானவர்கள் என்பதால்தான் நான் அங்கே போனேன்.

நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்று அன்றைக்கே என்னால் வாதாடியிருக்க முடியும். வாதங்களுக்குப் பஞ்சமில்லை.

முதல் வாதம் விதி. கேஷுவலில் இன்ன டெக் கொண்டுவரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதே சீட்டுகள், அதே விதிகள். எழுதாத விதியை நான் எப்படி மீற முடியும்? இந்தப் பக்கத்தை வலுவாக எழுதியவர் டேவிட் சர்லின். ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டிகளில் ஆடியவர், விளையாட்டு வடிவமைப்பாளர். விளையாட்டில் இல்லாத விதிகளைத் தானே கற்பித்துக்கொண்டு, அவற்றை மதிக்காத எதிராளியை மானமில்லாதவன் என்று திட்டுகிற ஆட்டக்காரனை அவர் தன் புத்தகத்தில் உரித்துத் தொங்கவிடுகிறார். ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைப்பது மலிவான ஆட்டம் என்று சொல்பவன், உண்மையில் அந்த உதையைத் தடுக்கக் கற்றுக்கொள்ளச் சோம்பல்படுகிறான் என்பது அவர் கட்சி.

இதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தோற்றவுடன் எதிராளியின் டெக்கைக் குறை சொல்வது நம் எல்லோருக்கும் வரும் நோய். "அவன் டெக் இணையத்திலிருந்து எடுத்தது, என்னுடையது நானே கட்டியது" என்பதில் பாதி அழகியல், பாதி ஆற்றாமை. ரேங்க்கில் இந்தப் புலம்பலுக்கு இடமே இல்லை. அந்த வாசலில் நுழைந்தவன், உன்னிடம் இருப்பதில் கடுமையானதைக் கொண்டு வா, நானும் கொண்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் நுழைகிறான்.

ஆனால் வாசல் இரண்டு இருக்கின்றன. விதி ஒன்றாகவே இருக்க, சீட்டும் ஒன்றாகவே இருக்க, எதற்கு இரண்டு? இரண்டாவது வாசலின் பெயர்ப்பலகை சொல்வதெல்லாம் இங்கே நடப்பது கணக்கில் சேராது என்பது மட்டுமே. கணக்கில் சேராது, அதனால் இஷ்டப்படி ஆடிப் பார்க்கலாம் என்று மருமகன் அதைப் புரிந்துகொண்டான். கணக்கில் சேராது, அதனால் எனக்கு இழப்பு ஒன்றுமில்லை என்று நான் புரிந்துகொண்டேன். இரண்டும் சரியான வாசிப்புதான். ஆனால் ஒன்றை ஒன்று சந்திக்கும்போது தங்கம் எனக்கு வருகிறது. ஆறு சுற்றில் கலைந்துபோவது அவனுடைய விளையாட்டு.

இரண்டாவது வாதம் இயந்திரம். கேஷுவலிலும் ஒரு மறைமுகத் தரவரிசை உண்டு. வெல்ல வெல்ல, நம்மைப் போல வெல்பவர்களோடு சேர்த்துவிடும். தோற்கத் தோற்க, தோற்பவர்களோடு. ஆகவே நியாயத்தை அது பார்த்துக்கொள்ளும், நான் ஏன் கவலைப்பட வேண்டும்? நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த எண்ணுக்குத் தெரிவதெல்லாம் நாம் வென்றோமா தோற்றோமா என்பதுதான். எதற்காக வந்தோம் என்பது அதற்குத் தெரியாது. புதிதாகக் கட்டிய டெக்கை வைத்துப் பத்து முறை தோற்றுவிட்டு, பதினோராவது முறை குவெஸ்ட்டுக்காகக் கொள்ளைக்காரர்களை எடுத்துக்கொண்டு போனால், தோற்பவர்களின் வரிசையிலிருந்துதான் எனக்கு எதிராளி வருவான். ஆளைப் பொருத்திவிடலாம், ஆள் வந்த நோக்கத்தைப் பொருத்த எந்தக் கணக்கும் இல்லை.

மூன்றாவது வாதம்தான் என்னை நிஜமாகவே தடுமாற வைத்தது. ஏழையின் வாதம் என்று அதைச் சொல்லலாம். இந்த விளையாட்டில் வேண்டாத சீட்டுகளை உடைத்துத் தூளாக்கி, அந்தத் தூளால் வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளலாம். லெஜன்டரி சீட்டு ஒன்றைச் செய்ய 1,600 தூள். சாதாரணச் சீட்டை உடைத்தால் கிடைப்பது 5. பல மாதம் சேர்த்து பேட்ச்சஸைச் செய்த ஒரு மாணவன் இருக்கிறான் என்று வையுங்கள். அவனிடம் உருப்படியாக இருப்பது அந்த ஒரு டெக்தான். அதைச் சும்மா ஆடும் இடத்துக்குக் கொண்டுவராதே என்று சொல்ல நான் யார்? பல டெக் வைத்திருப்பவன் விட்டுக்கொடுப்பது எளிது. தவிர, ரேங்க்கில் தோற்க பயந்து இங்கே பழகிப் பார்க்க வந்தவனும் இருப்பான். டெக் கடுமையானது, அவன் கை இன்னும் பழகவில்லை. அவனும் ஆடிப் பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

ஆகவே கடுமையான டெக்கைக் கேஷுவலுக்குக் கொண்டுவருவதே தவறு என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். ஒரே முப்பது சீட்டு, மூன்று கைகளில் மூன்று காரியம் செய்கிறது. ஒருவன் தன்னிடம் இருப்பதை ஆடுகிறான், ஒருவன் பழகுகிறான், நான் தங்கம் அறுக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மருமகன் பார்த்த அந்த வாரியர் இவர்களில் யார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இதில் சட்டம் போட முடியாமல் போவதற்கும், ஆனாலும் இது மனசாட்சியின் கேள்வியாக நீடிப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தவறு சீட்டில் இல்லை. அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பார்க்கக்கூடியவன் ஆடுகிறவன் ஒருவன்தான்.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் எறும்பு வெட்டுக்கிளிக் கதையின் வெட்டுக்கிளிதான் அதில் நாயகன். விளையாடுவது என்றால், தேவையே இல்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வது என்கிறார். பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கம் என்றால் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம். கோல்ஃப் ஆடுபவன் நீளக் குச்சியால் தூரத்திலிருந்து அடிக்கிறான். அந்தச் சிரமம் இருப்பதால்தான் அது விளையாட்டு.

இந்த அளவுகோலை அந்த டிசம்பர் இரவுகளின் மேல் வைத்துப் பார்த்தேன். தடையே இல்லாத இடத்தைத் தேடித்தான் நான் கேஷுவலுக்குப் போயிருக்கிறேன். எதிராளி எவ்வளவு குறைவாகத் தடுக்கிறானோ எனக்கு அவ்வளவு நல்லது. அவன் உடனே சரணடைந்து வெளியேறிவிட்டால் இன்னும் நல்லது; தங்கம் அதே தங்கம்தான். அப்படியென்றால் நான் ஆடவே இல்லை. வேலை பார்த்திருக்கிறேன். அந்த மேசையில் விளையாடிக்கொண்டிருந்தது எதிரில் இருந்த ஆள் மட்டும்தான். அவன் என்னை விளையாட அழைத்திருக்க, நான் அவனை அறுவடைக்கு வந்த வயலாகப் பார்த்திருக்கிறேன்.

'ஐந்து நிமிஷ விளையாட்டு, இதற்கு இவ்வளவா' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். யாருக்கும் காயமில்லை, காசு போகவில்லை. ஆனால் நமக்குத் தெரியாதவர்களுக்கு நாம் செய்யும் பெரும்பாலான கெடுதல்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன. கடை முன்னால் இன்னொருவன் காரை மறித்து நிறுத்திவிட்டு "ரெண்டு நிமிஷந்தானே" என்று உள்ளே போகிறோம். அந்த இரண்டு நிமிடம் யாருடையது என்று பார்ப்பதில்லை. முகம் தெரியாதவனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி பெரிய மேடைகளில் எழுவதைவிட இந்த மாதிரி இடங்களில்தான் அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் நாமும் அதைக் கவனிக்காமல் போய்விடுகிறோம்.

நேருக்கு நேர் ஆடும் மேசையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: பேசலாம். மேஜிக் சீட்டு விளையாட்டில் கமாண்டர் என்றொரு ஆட்டமுறை உண்டு. பெரும்பாலும் நான்கு பேர் உட்கார்ந்து நட்பாக ஆடுவது. ஆட்டம் தொடங்குமுன் "இன்னிக்கு எந்த மாதிரி டெக்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது அங்கே பழக்கம். அதிலும் தகராறு வரும். எல்லோரும் தங்கள் டெக் சுமார்தான் என்பார்கள். ஐந்தாம் சுற்றில் ஒருவன் ஆட்டத்தை முடித்துவிடுவான். கடைசியில் 2025 பிப்ரவரியில் அந்த விளையாட்டின் நிறுவனமே டெக்குகளை ஐந்து படிகளாகப் பிரிக்கும் திட்டத்தைச் சோதனையாக வெளியிட்டது. வேடிக்கைக்காகக் கட்டிய டெக் முதல் படி. போட்டிக்கென்றே கட்டியது ஐந்தாம் படி. இந்தப் படிகளைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம், அவை தீர்ப்பு சொல்வதற்காக வரவில்லை என்பது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பொதுவான சில சொற்கள் வேண்டும் என்பதற்காக வந்தன. இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும், எதிரில் இருப்பவனிடம் உண்மையைச் சொல்வது ஆடுகிறவன் கையில்தான் இருக்கிறது.

ஹார்த்ஸ்டோனில் அந்தப் பேச்சுக்கும் வழியில்லை. எதிராளியோடு ஆட்டத்தின் நடுவே உரையாட முடியாது. தயாராக வைத்திருக்கும் ஆறு வாக்கியங்களில் ஒன்றை அழுத்தலாம், அவ்வளவுதான். வணக்கம், நன்றி, நன்றாக ஆடினாய், மிரட்டல் என்று போகும். முன்பு அதில் 'மன்னிக்கவும்' என்று ஒன்றும் இருந்தது. மன்னிப்புக் கேட்க அதைப் பயன்படுத்தியவர்களைவிட, அடித்துவிட்டு நக்கலாக அழுத்தியவர்களே அதிகம். 2016 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு 'வாவ்' என்பதை வைத்தார்கள். பிறகு 'வாவ்'வும் நக்கலாகிவிட்டது என்பது வேறு கதை. அந்த டிசம்பரில் நான் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தாலும் அதற்கு ஒரு பொத்தான் இருந்திருக்காது. எதிராளியிடம் நான் நிஜமாகச் சொல்லக்கூடியது ஆட்டம் தொடங்குமுன்னே சொல்லி முடிந்துவிடுகிறது. நான் எந்த டெக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்பதுதான் அது.

சரி, மருமகனிடம் திரும்புகிறேன்.

அன்று மாலை அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அதே டெக் என்கிட்டயும் இருக்குடா. நானும் கேஷுவல்ல அதத்தான் ஆடுவேன்." திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கண் விரிந்தது. "குடுங்க மாமா, ஒரு ஆட்டம்!"

கொடுத்தேன். நான்கு ஆட்டம் ஆடினான், மூன்றில் வென்றான். ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம். பேட்ச்சஸ் குதித்து வரும்போதெல்லாம் கைதட்டிச் சிரித்தான். மறுநாள் காலை எழுந்ததும் தன் டேப்லெட்டைத் தொடவில்லை. என் கைப்பேசியைக் கேட்டான். மூன்று நாள் இப்படியே போனது. அவனுடைய ட்ரூயிட் டெக்கை மறந்தே போனான். அவன் வென்ற ஆட்டங்களில் எதிரே ஒருமுறை அடிப்படைச் சீட்டுகளை மட்டுமே வைத்திருந்த ஒரு ஆள் வந்தார். நான்காம் சுற்றிலேயே அவர் சரணடைந்து போனார். "ஜெயிச்சாச்சு!" என்றான் மருமகன். அவனுக்கு அந்தப் பக்கம் யாராவது இருப்பதாகவே தோன்றவில்லை. மூன்று நாளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் இருந்தவன் அவன்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இரண்டரை வருடமாகத் தோன்றாத ஒன்று, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூன்று நாளில் தோன்ற வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

நான்காம் நாள் அவனே சொன்னான், "போரடிக்குது மாமா. எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி இருக்கு." ட்ரூயிட்டைத் திரும்ப எடுத்தான். மறுபடி தோற்கத் தொடங்கினான். நான் மனம் கேட்காமல் ஒரு யோசனை சொன்னேன். நண்பர்கள் தங்களுக்குள் ஆட ஒரு வழி இருக்கிறது. நான் எதிரில் உட்காருகிறேன், அடிக்காமல் பத்தாம் சுற்று வரை சும்மா இருக்கிறேன், நீ உன் டெத்விங்கை இறக்கு.

அவன் முகம் சுருங்கியது. "வேணாம் மாமா. நீங்க விட்டுக் குடுத்தா அது வந்த மாதிரி இல்லையே."

அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சின்ன வயதில் எங்கள் தாமான் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பூப்பந்து ஆடுவோம். மாநில அளவில் ஆடிய ஓர் அண்ணன் எப்போதாவது வருவார். அவர் வலக்கையால் ஆடினால் எங்களில் யாருக்கும் ஐந்து புள்ளிகூடக் கிடைக்காது. சும்மா தட்டிவிட்டு விட்டுக்கொடுத்தால் எங்களுக்கு அவமானம். அவர் ராக்கெட்டை இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். இடக்கையால் உயிரைக் கொடுத்து ஆடுவார். விழுந்து எடுப்பார், வியர்த்து ஊற்றும், தோற்றால் தரையை உதைப்பார். அவரை நாங்கள் ஜெயித்த நாள்களை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவை நிஜமான வெற்றிகள். எங்களை ஏமாற்றிக் கொடுத்தவை இல்லை.

விட்டுக்கொடுப்பதற்கும் சேர்ந்து ஆடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ராக்கெட்டைக் கை மாற்றியதில் வைத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. ஆயுதத்தை இறக்கிக்கொள்வது எதிராளிக்குச் செய்யும் மரியாதை. முயற்சியை இறக்கிக்கொள்வது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. சும்மா ஆடும் இடம் நம்மிடம் கேட்பது முதலாவதை மட்டும்தான். இரண்டாவதை அது கேட்கவில்லை, மருமகனும் கேட்கவில்லை. எந்தக் கையில் ராக்கெட் பிடிப்பது என்று உள்ளே வருமுன் முடிவு செய். வந்த பிறகு உயிரைக் கொடுத்து ஆடு. சர்லினுக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது என்று நம்ப விரும்புகிறேன்.

ஆகவே நான் மேஜ் டெக் ஒன்று கட்டினேன். எல்லாம் அடிப்படைச் சீட்டுகள். கணக்குத் தொடங்கிய புதிதில் அப்போது எல்லோருக்கும் கிடைத்தவை. "இதுல நெஜமாவே ஆடுவேன், பாத்துக்க" என்றேன். "சரி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முதல் ஆட்டம் நான் வென்றேன். இரண்டாவது அவன். மூன்றாவது நீண்டது. அவன் வைல்ட் குரோத் போட்டு மானாவை ஏற்றினான், நான் நெருப்புப் பந்துகளால் அவன் ஆட்களைத் துடைத்தேன். ஒன்பது மானா வரை வந்துவிட்டோம். அவன் உயிர் எட்டு, என் உயிர் பதினான்கு. மேசையில் என் ஆட்கள் மூன்று பேர், அவனுடையது ஒன்று. அவன் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. பத்து மானா நிறைந்தது. டெத்விங் இறங்கியது.

திரை அதிர்ந்தது. மேசை துடைத்துவிட்டது போல ஆனது. அவன் கைச் சீட்டுகளும் போயின. கறுப்பு டிராகன் மட்டும் தனியாக நின்றது. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

என் கையில் பாலிமார்ஃப் இருந்தது. நான்கு மானா. எந்த ஆளையும் ஓர் ஆட்டுக்குட்டியாக மாற்றிவிடும். ஒரு தாக்குதல், ஓர் உயிர்.

நான் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சுற்று கழித்துப் போடலாம். டிராகன் ஒருமுறையாவது அடிக்கட்டும், அவன் ஆசை தீரட்டும். அவனுக்குத் தெரியவா போகிறது? ஆனால் எனக்குத் தெரியும். 'நீங்க விட்டுக் குடுத்தா அது வந்த மாதிரி இல்லையே' என்றவன் அவன்தான். நான் இடக்கையால் ஆட ஒப்புக்கொண்டிருந்தேன். இடக்கையையும் கட்டிப்போட ஒப்புக்கொள்ளவில்லை.

பாலிமார்ஃப்பைப் போட்டேன்.

டெத்விங் இருந்த இடத்தில் ஓர் ஆட்டுக்குட்டி 'மே' என்றது. மருமகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விநாடி, இரண்டு விநாடி. கெடுத்துவிட்டோமோ என்று எனக்குப் பக்கென்றது. அப்புறம் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி மாமா! ஆட்டுக்குட்டியா!" அக்காவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, டெத்விங் எறங்கிருச்சு! மாமா அத ஆடாக்கிட்டாரு!" என்று சொன்னான். தோற்றதை அவன் சொல்லவே இல்லை. நான்கு சுற்று கழித்து அவன் தோற்றிருந்தான்.

2017 பிப்ரவரி இறுதியில் கொள்ளைக்காரர் டெக்கின் ஒரு முக்கியச் சீட்டைப் பலவீனப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பேட்ச்சஸ் வந்தவுடன் அடிக்கும் வலுவையும் எடுத்துவிட்டார்கள். பிறகு வேறு டெக்குகள் வந்தன. அவையும் கேஷுவலுக்கு வந்தன. சீட்டைத் திருத்துவது நிறுவனத்தின் வேலை, அதைச் செய்கிறார்கள். ஆளைத் திருத்துவது அவர்கள் வேலையும் இல்லை, அவர்களால் முடிகிற காரியமும் இல்லை.

நான் ஒன்றும் திருந்திவிட்ட மகான் இல்லை. களைத்து வந்த இரவுகளில் சீக்கிரம் முடிகிற டெக்கின் மேல் விரல் இன்னும் போகும். அப்போது ஒரு காரியம் மட்டும் செய்கிறேன்: அந்த டெக்கை எடுத்தால் ரேங்க் வாசலுக்குப் போகிறேன். அங்கே பாதி ஆட்டம் தோற்கிறேன், குவெஸ்ட் முடிய ஒரு மணி நேரமாகிறது. சில நாள் முடியாமலே தூங்கிவிடுகிறேன். கேஷுவலுக்குப் போகும்போது இடக்கை டெக் ஒன்றைக் கொண்டுபோகிறேன். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பத்தாவது சுற்றுக்காக ஒரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவரை வெல்லத்தான் ஆடுகிறேன். சில சமயம் வெல்கிறேன்.